இட்லித் துணியில் இரும்பு

காலையில் பள்ளிப் பேருந்துக்காகக் கீழே நிற்கும்போது நீங்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பது எனக்குத் தெரியும். மகளின் தண்ணீர்ப் புட்டி மூடியை மூன்று முறை திருகிப் பார்க்கிறேன். அவள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் வழியே பெல்ட்டைக் காட்டச் சொல்கிறேன். போன வாரம் டிரைவரிடம், பின்டயர் ரொம்ப வழவழப்பாக இருக்கிறதே என்று கேட்டுவிட்டேன். உங்களில் ஒருவர், "விட்டா இவ பஸ்ஸுக்கே டிபன் கட்டிக் குடுப்பா" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து, கேட்டிருக்கக் கூடாதோ என்று மதியம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தால் பஸ் வந்துவிடும். நம்மில் பாதிப் பேர் இந்த வளைகுடா ஊர்களிலேயே வளர்ந்து, இப்போது இதே கராமாவில் பிள்ளைகளை வளர்க்கிறவர்கள். நாற்பது வயது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. அதனால் லீவு, கம்பெனி, குவார்ட்டர்ஸ் எல்லாம் உங்களுக்கு விளக்க வேண்டாம்.

நான் வளர்ந்தது சலாலாவில். எனக்கு அப்போது ஒன்பது வயது. பத்தாகவும் இருக்கலாம், அம்மாவிடம் கேட்டால் ஒன்பது என்கிறாள், அப்பா பத்து என்கிறார். கரீஃப் என்கிற சாரல் காலம். இங்கிருந்தெல்லாம் ஜனங்கள் கார் கட்டிக்கொண்டு அந்தத் தூறலில் நனைய வருவார்களே, அந்த மாதங்கள். நனைய வருகிறவர்களுக்கு அது அழகு. அங்கேயே குடியிருப்பவர்களுக்குத் துணி காயாது. அலமாரிக்குள் காலணிகளில் பச்சை பூக்கும். அம்மா என் உள்பாவாடைகளை இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைப்பாள். சூடான ஈரத்துணி வாசனை வீடு முழுக்க நிற்கும். அப்பா வேலைக்குப் போடும் முழு உடுப்பு, கவரால், மட்டும் எதற்கும் மசியாது. நான்கு நாள் குளியலறையில் தொங்கி, ஆயிலும் சோப்பும் கலந்த ஒரு வாசனையோடு அப்படியே ஈரமாக மறுபடி வேலைக்குப் போகும்.

அப்பா ஒரு லாரிக் கம்பெனியில் தலைமை மெக்கானிக். நாமக்கல் பக்கத்துக்காரர். பட்டறையின் பின்சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் இரண்டு அறை வீடு. சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. அப்பா மட்டும் போய்வருவார். அம்மா அந்தக் கதவைத் தாண்டி நான் பார்த்ததில்லை. பெண்கள் பட்டறைக்குள் போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, போனதில்லை, அவ்வளவுதான்.

அம்மா பி.எஸ்ஸி. வேதியியல். கல்யாணத்துக்கு முன் ஊரில் இரண்டு வருடம் பள்ளியில் பாடம் எடுத்தவள். சலாலாவில் அவள் எடுத்த ஒரே பாடம் எனக்குத்தான். மற்ற நேரமெல்லாம் பயந்துகொண்டிருந்தாள், அல்லது நாங்கள் அப்படி நினைத்தோம். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத் திரும்பப் போய்ப் பார்ப்பாள். சமையலறைத் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் காம்புகூடப் போகவிட மாட்டாள். குழாய் ஒருமுறை அடைத்துக்கொண்டு, கட்டடக் காவலாள் வந்து கத்திவிட்டுப் போனதிலிருந்து, கஞ்சித் தண்ணீரைக்கூட வடிகட்டித்தான் ஊற்றுவாள். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "உங்கம்மா கடலையே வடிகட்டித்தான் குளிப்பா" என்பார்.

ஆனால் பட்டறையில் அப்பாவையும் அப்படித்தான் சொன்னார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த வருடம் கரீஃப் தொடங்குவதற்கு முன்னால், ஒரு லாரியின் கியர்பாக்ஸில் சத்தம் கேட்கிறது என்று அப்பா அடம்பிடித்துப் பிரிக்கவைத்திருக்கிறார். இரண்டு நாள் வேலை. உள்ளே ஒன்றுமில்லை. எல்லாம் புதுசு போல இருந்ததாம். அதிலிருந்து மேனேஜர் அவரை 'டாக்டர் சாப்' என்றுதான் கூப்பிடுவார். "டாக்டர் சாப், இந்த வண்டிக்குக் காய்ச்சலா, ஜலதோஷமா?" பட்டறையே சிரிக்கும்.

இந்த நிலையில்தான் டிரைவர் மாமாவின் வண்டி வந்தது.

டிரைவர் மாமா எங்களுக்கு உறவில்லை. ராமநாதபுரத்துக்காரர். அம்மாவை அக்கா என்று கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. எனக்கு ஒவ்வொரு டிரிப்பிலும் ஏதாவது கொண்டுவருவார், பெரும்பாலும் வழியில் கிடைத்த ஒரு கல். சிமென்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தும்ரைத்துக்குப் போவது அவர் வேலை. அந்த வாரம் ஒரு டிரிப்தான் பாக்கி. அதை முடித்தால் லீவு. வெள்ளிக்கிழமை விமானம், அடுத்த வாரம் தங்கைக்குக் கல்யாணம். அவர் ஒரே அண்ணன்.

மலையேறும் முன் வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும். பின்சக்கர அச்சின் நடுவில் உருண்டையாக ஒரு பாகம் இருக்குமல்லவா, அதற்குள்தான் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பற்சக்கரங்கள் இருக்கின்றன. லாரிக்காரர்கள் அதை கிரவுன் என்பார்கள். அதன் அடியில் இருக்கும் திருகில் ஒரு காந்தம் உண்டு. ஆயிலை இறக்கும்போது காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது வழக்கம்.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் பழைய பால் பவுடர் டப்பா இருந்தது. அதில் பாதிக்கு அந்த வண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயில்; காந்தத்தில் ஒட்டியதையும் அதற்குள்ளேயே வழித்துப் போட்டிருந்தார். கூடவே டிரைவர் மாமாவும் வந்தார், முகம் உப்பிப்போய்.

"கண்மை மாதிரிப் பொடி ஒட்டியிருந்தா பயமில்ல. எல்லா வண்டியிலும் வரும்" என்றார் அப்பா. யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "இது கையில குத்துது. உமி மாதிரிக் குத்துது. பல்லு ஒடையுதுன்னு அர்த்தம்."

"அண்ணே, மேனேஜர் விரல விட்டுப் பாத்துட்டுத்தானே நார்மல்னு சொன்னாரு?"

"கறுப்பு ஆயிலுக்குள்ள விரல விட்டா அவருக்கு என்னத்தத் தெரியும்?"

"ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது? கியர்பாக்ஸ்லயும் இப்படித்தான் சொன்னீங்க." டிரைவர் மாமா தட்டைத் தள்ளிவைத்தார். "வண்டியப் பிரிச்சா ஒரு வாரம் நிக்கும். டிரிப்பு முடிக்காம லீவு இல்லன்னு சொல்லிட்டாரு. என் தங்கச்சி கல்யாணத்துல கைய வைக்காதீங்கண்ணே. கால்ல வேணா விழுறேன்."

"ஏத்தத்துல பல்லு போச்சுன்னா எஞ்சின் புடிக்காது. முழு லோடோட பின்னால உருளும். இந்த மூடுபனியில, வழுக்குற ரோட்டுல, பிரேக்க மட்டும் நம்பி நிக்க முடியுமாடா?"

"நின்னுக்குறேன்."

அம்மா ஊற்றிய தோசை கருகியது. அவள் தோசையைக் கருகவிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்பா சாப்பிடாமல் கை கழுவினார். டப்பாவைச் சமையலறைக்கு வெளியே, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். எதற்காக வைக்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. பட்டறை விஷயத்தைப் பெண்டாட்டியிடம் எதற்குச் சொல்வது என்று நினைத்திருப்பார்.

வியாழன் விடிந்ததும் துறைமுகத்தில் ஒரு வண்டி நின்றுவிட்டதென்று அப்பாவைக் கூட்டிப்போனார்கள்.

அந்தக் காலத்தில் நம் வீடுகளில் பால் பவுடர் டப்பாவைத் தூக்கி எறிவார்களா? ஊருக்குப் போகும்போது ஏலக்காய், முந்திரி, யாருக்கோ தைலம் எல்லாம் அதற்குள் போட்டுத்தானே அட்டைப்பெட்டி கட்டுவோம். அம்மா கல்லுக்குப் பக்கத்தில் டப்பாவைப் பார்த்தாள். நல்ல டப்பா, மூடியோடு. பட்டறைக்காரர் அழுக்காக்கிவிட்டார். கழுவிவிட்டாள்.

ஆனால் ஆயிலை அப்படியே சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளுமே. அதனால் குப்பைக்குப் போட ஒரு காலிப் பாட்டிலை எடுத்தாள்; எதையும் வடிகட்டாமல் ஊற்றிப் பழக்கமில்லாததால் கிழிந்துபோன இட்லித் துணி ஒன்றை அதன் வாயில் கட்டி, டப்பாவைச் சாய்த்து, கால்மணி நேரம் பொறுமையாக வடிகட்டினாள். பாட்டிலை மூடிக் குப்பைக்கு வைத்தாள். துணியைச் சுருட்டிப் பக்கத்தில் போட்டாள். டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள்.

எட்டரை மணி இருக்கும், போன் அடித்தது. அப்பா. அவர் குரல் எனக்கே கேட்டது.

"அந்தப் பால் டப்பா கல்லுகிட்ட இருக்குது. எடுத்துப் பத்திரமா வை. நான் வந்து மேனேஜர்கிட்ட இன்னொருக்காக் காட்டோணும். அதுதான் நம்மகிட்ட இருக்குற ஒரே சாட்சி."

அம்மா கவிழ்த்துவைத்த டப்பாவைப் பார்த்தாள். அது பளபளவென்று இருந்தது.

"சரிங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு டப்பாவை எடுத்து உள்ளே பார்த்தாள். அப்பா எந்த எண்ணிலிருந்து பேசினார் என்று தெரியாது; திரும்பக் கூப்பிட முடியாது. "கழுவிட்டனே சாமி, கழுவிட்டனே" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் டிரைவர் மாமாவின் வண்டி எஞ்சின் சூடேறத் தொடங்கியது. சிமென்ட் முந்தைய நாளே ஏற்றியாகிவிட்டது. அப்பா வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அதை அவர் பின்னால் ஒத்துக்கொண்டார்.

அம்மா குப்பைக்கு வைத்த துணியை எடுத்தாள். பாத்திரத் தொட்டியில் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி, வெந்நீரை அதில் விட்டு, கீழே ஒரு சல்லடை பிடித்து, அரிசியில் கல் அரிப்பதுபோல அந்தத் துணியை அலசினாள். மூன்று தண்ணீர். மூன்றாவது தண்ணீரில் துணி வெள்ளையானது. நடுவில் ஏதோ மின்னியது.

எங்களிடம் நீல விளிம்பு போட்ட வெள்ளை மெலமைன் தட்டு ஒன்று இருந்தது. பிறகு வீடு மாறியதில் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்தத் தட்டில் துணியை உதறினாள். சின்னச் சின்னதாக ஒரு சிட்டிகைப் பொடி. அதோடு ஏழெட்டுத் துண்டுகள். பெரியது என் சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். அம்மா அதைப் புருவம் பிடுங்கும் இடுக்கியால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள்.

"கண்ணு, இந்தப் பக்கம் பாரு. கண்ணாடி மாதிரி இருக்குதா?"

"ஆமா."

"இந்தப் பக்கம்?"

ஒடித்த கற்கண்டு போல இருந்தது. சொரசொரப்பாக, உள்ளுக்குள் மினுமினுப்பாக.

"தேஞ்சு வந்த பொடின்னா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கோணும்" என்றாள் அம்மா. பாடம் எடுக்கிற குரல். "ஒரு பக்கம் வருசக்கணக்கா உராஞ்சு மெருகேறினது. இன்னொரு பக்கம் இப்பத்தான் ஒடைஞ்சது. இது பொடியில்ல. இது பல்லு."

உங்களுக்கு இதைச் சொல்லும்போது அவள் உடனே ஓடினாள் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு இரும்புக் கதவு வரை போனாள். திரும்பி வந்தாள். நைட்டியோடு எப்படிப் போவது என்றாள். புடவையை எடுத்தாள். நேரமில்லை என்று கீழே போட்டாள். அவர் வந்துவிடட்டுமே என்றாள். ஒருவேளை இது வேறு ஏதோவாக இருந்தால், அப்பாவின் பெயர் இன்னும் கெட்டுப்போகுமே என்றாள். மறுபடி கதவு வரை போனாள். அப்போது வண்டியின் காற்று பிரேக் விடுபடும் 'புஸ்' சத்தம் கேட்டது. அம்மா நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டாள், தட்டை எடுத்தாள், கதவைத் திறந்தாள்.

நான் பின்னாலேயே போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். இருபது ஆண்கள் வேலையை நிறுத்திவிட்டு என் அம்மாவின் நைட்டியைப் பார்க்கிறார்கள், நான் அவர்கள் கண்ணில் படாமல் எங்காவது ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது.

அம்மா நேரே வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். டிரைவர் மாமா ஜன்னலில் தலை நீட்டினார்.

"அக்கா! நீங்களுமா? வழி விடுங்கக்கா, நேரமாவுது."

"எஞ்சின நிறுத்து தம்பி."

"அண்ணன் சொல்லி அனுப்புனாரா?"

"அவருக்குத் தெரியாது. நிறுத்து."

மேனேஜர் அலுவலகத்திலிருந்து ஓடிவந்தார். "க்யா ஹுவா பாபி?" என்று, அண்ணி முறை வைத்து, பதற்றமாகக் கேட்டார். என்ன ஆயிற்றோ, பிள்ளைக்கு அடிபட்டதோ என்று நினைத்திருப்பார். அம்மா தட்டை நீட்டினாள். நடுக்கத்தில் துண்டுகள் தட்டில் ஆடின. ஆனால் பேச்சு ஆடவில்லை. அவள் பள்ளியில் பேசிய அதே இங்கிலீஷில், மெதுவாக, முழு வாக்கியங்களாகக் கேட்டாள்: இது இந்த வண்டியின் ஆயிலில் இருந்தது. இதன் ஒரு பக்கம் ஏன் கண்ணாடி போல இருக்கிறது, மறுபக்கம் ஏன் உடைந்திருக்கிறது? தயவுசெய்து எனக்கு விளக்குங்கள்.

மேனேஜர் முதலில் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அப்புறம் அந்தப் பெரிய துண்டை எடுத்தார். உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவரும் ஒரு காலத்தில் கவரால் போட்டவர்தான். அவர் வாய் மெல்ல மூடிக்கொண்டது.

"யே கிஸ்னே தோயா?" என்றார். யார் இதைக் கழுவியது?

"நான்தான். தெரியாமல் கழுவிவிட்டேன். மன்னிக்க வேண்டும்."

மேனேஜர் திரும்பி, பட்டறையே அதிரும்படி கத்தினார்: "எஞ்சின் பந்த் கரோ!"

டிரைவர் மாமா நிறுத்தவில்லை. "சார், என் லீவு" என்றார். மேனேஜரே படியில் ஏறி, உள்ளே கை விட்டுச் சாவியைத் திருகி எடுத்தார்.

பத்து மணிக்கு அப்பா துறைமுகத்திலிருந்து வந்து இறங்கினார். பட்டறை நடுவில் தன் மனைவி நைட்டியோடு ஒரு முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். யாரோ ஒருவர் முந்திக்கொண்டு, "பாய், பாபி அந்த டப்பாவைக் கழுவிட்டாங்க" என்றார். அப்பாவின் முகம் தொங்கிப்போனது. சுவரில் சாய்ந்தார். அவர் தலையில் என்னென்ன ஓடியிருக்கும் என்று இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. பிறகு மேனேஜர் அந்தத் தட்டை அவர் கையில் கொடுத்தார். அப்பா பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பின்பு அம்மாவைப் பார்த்தார்.

"எதுல வடிகட்டின?"

"இட்லித் துணிங்க."

"பழசா?"

"கிழிஞ்சதுதானுங்க."

மூன்று பேர் சேர்ந்து மதியத்துக்குள் பிரித்தார்கள். என்னையும் அம்மாவையும் யாரும் போகச் சொல்லவில்லை. அந்த உருண்டைக்குள்ளிருந்து அப்பா பற்சக்கரத்தைச் சங்கிலியில் தூக்கி எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, பெஞ்சில் வைத்தார். ஒரு பல்லின் பாதி இல்லை. அதற்கடுத்த பல்லின் அடியில் ஒரு மயிரிழை அளவு கோடு. அப்பா ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். அந்தப் பல் முழுசாக விழுந்து பெஞ்சில் உருண்டது.

டிரைவர் மாமா அதைக் கையில் எடுத்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏத்தத்துல விழுந்திருக்கும்ல அண்ணே" என்றார். அப்பா "ம்" என்றார். "நான் நேத்து உங்கள என்னென்னமோ பேசுனேன்." அப்பா, "எந்திரி, ஈரத்துல உக்காராத" என்றார்.

மேனேஜர் அப்பாவிடம் வந்து, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி, இனி நீ நிறுத்து என்றால் வண்டி நிற்கும், என்னைக் கேட்க வேண்டாம் என்றார். அம்மாவிடம் வந்து, படித்தது வேதியியலா இயற்பியலா என்று கேட்டார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு, "கெமிஸ்ட்ரி" என்றாள். மாலைக்குள் ஆறேழு பேர் முறைவைத்து, சிமென்ட் மூட்டைகளைத் தோளில் சுமந்து வேறொரு லாரிக்கு மாற்றினார்கள். அப்பா அந்த லாரியின் கிரவுன் ஆயிலையும் இறக்கினார். அம்மாவிடம் இன்னொரு துணி கேட்டார். கிழியாத துணியே கொடுத்தாள். அதில் கண்மை மாதிரிப் பொடி மட்டும்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டிரைவர் மாமா அந்த லாரியில் கிளம்பினார். மத்தியானத்துக்குள் இறக்கிவிட்டுத் திரும்பினால் இரவு விமானத்தைப் பிடிக்கலாம். அம்மா இரும்புக் கதவைத் திறந்து, பட்டறை வாசல் வரை போய் நின்று பார்த்தாள். இந்த முறை புடவை. லாரி மூடுபனிக்குள் போனது. பின்விளக்குகள் இரண்டு சிவப்புப் புள்ளிகளாகி, ஒன்றாகி, இல்லாமலும் போயின. அவள் வீட்டுக்கு வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காய்கறி நறுக்கினாள், ஆனால் ஒன்றும் அடுப்பில் ஏறவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த அப்பா அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவரும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சலாலா மலையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கீழே எவ்வளவு மூடியிருந்தாலும், உச்சியைத் தாண்டினால் ஒரு கோடு கிழித்தது போல மேகம் முடிந்துவிடும். அந்தப் பக்கம் பாலைவனம்.

பதினொன்றுக்குப் போன் அடித்தது. முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டாள்.

"அக்கா, மேல வந்துட்டேன், பெட்ரோல் பங்குலேர்ந்து பேசுறேன். வண்டி கல்லு மாதிரி ஏறுச்சு. இங்க சுள்ளுனு வெயில் அடிக்குதுக்கா!"

அம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கூவினாள்:

"ஏனுங்க, மேல வெயிலடிக்குதாமுங்க!"

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், விடுமுறை வெள்ளியிலும் பழைய வண்டியைச் சரிசெய்துகொண்டிருந்தவர்களின் சுத்தியல் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு யாரோ ஒருவர் விசிலடித்தார். இன்னொருவர் காலி டிரம்மைத் தட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பட்டறையே கையில் கிடைத்ததை எடுத்துத் தட்டியது.